கட்டடத்தின் பேரில் ஒரு கடன்: அமெரிக்காவில் கடையும் கிடங்கும் வைத்திருப்பவர்களுக்கு சி-பேஸ் வழிகாட்டி

ஆகஸ்ட் மாதம், மதியம் மூன்று மணி. ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு கடைவரிசையின் கூரைமேல் நானும் அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரரும் நின்றுகொண்டிருந்தோம். கீழே ஒரு மளிகைக்கடை, ஒரு பல் மருத்துவமனை, ஒரு சலூன், ஒரு டியூஷன் சென்டர். மேலே ஆறு ரூஃப்டாப் ஏசி யூனிட்டுகள். மூன்றாவது யூனிட்டின் பெயர்த்தகடு வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. கட்டைவிரலால் தூசியைத் துடைத்துப் பார்த்தேன்: தயாரிப்பு ஆண்டு 2003, குளிர்வாயு ஆர்-22. காயிலின் தகடுகள் பாதி இடத்தில் நசுங்கிக் கிடந்தன. மீதி, விரல் பட்டாலே உதிர்ந்தன.

"அண்ணா, இதுக்கு இனிமே கேஸ் கிடைக்கிறதே கஷ்டம்" என்றேன். ஆர்-22 வாயுவைப் புதிதாகத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் அமெரிக்காவில் 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. பழைய இருப்பும், பழைய இயந்திரங்களிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்ததும்தான் இப்போது கிடைக்கும். விலையும் அதற்கேற்றபடிதான்.

அவர் கேட்டார்: "தம்பி, இதெல்லாம் மாத்துறதுக்கு கவுன்ட்டியே பணம் குடுக்குதாமே, நிஜமா?"

கட்டடங்களின் மின்செலவைக் கணக்குப் பார்ப்பது என் வேலை. இந்தக் கேள்வியை மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். கவுன்ட்டி பணம் கொடுப்பதில்லை. ஆனால் பணம் கொடுப்பவருக்கு ஒரு தைரியத்தைக் கொடுக்கிறது. அது என்ன தைரியம், அதை நாம் எப்படிப் பயன்படுத்துவது, எங்கே கால் இடறும் என்று முதல்முறையாகக் கேள்விப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

சி-பேஸ் என்றால் என்ன

உள்ளாட்சி அமைப்புகள் புதிதாகச் சாலையோ சாக்கடையோ போட்டால், அதனால் பயன்பெறும் மனைகளின் மேல் ஒரு தொகையை விதித்து, சொத்து வரியோடு சேர்த்துப் பல ஆண்டுகளில் வசூலிக்கும் பழக்கம் அமெரிக்காவில் ரொம்பப் பழையது. இதற்குச் சிறப்பு விதிப்பு என்று பெயர். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், மின்கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுபோவதற்குக்கூட இப்படிப் பணம் திரட்டினார்கள். அங்கே மேயர் அலுவலகத்தில் வேலை பார்த்த சிஸ்கோ டெவ்ரீஸ் என்பவர், கம்பிக்குச் செய்வதைச் சூரியத் தகட்டுக்கும் செய்தால் என்ன என்று யோசித்தார். 2008-இல் பெர்க்லி அதைச் சோதித்துப் பார்த்தது. அதே ஆண்டு கலிபோர்னியா அதற்குச் சட்டமும் இயற்றியது. மின்செலவைக் குறைக்கும் வேலைகளுக்கான இந்த ஏற்பாட்டுக்குத்தான் பேஸ் (PACE, Property Assessed Clean Energy) என்று பெயர். வணிகக் கட்டடங்களுக்கான வடிவம் சி-பேஸ் (C-PACE).

வீடுகளுக்கான பேஸ் தனிக் கதை. வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் ஆகிய இரண்டையும் கண்காணிக்கும் மத்திய அமைப்பு 2010-இல் அதை எதிர்த்தது. பெரும்பாலான மாநிலங்களில் அது அதோடு படுத்துவிட்டது. ஆகவே இணையத்தில் பேஸ் பற்றிப் புகார்களைப் படித்துப் பயந்தால், அது வீட்டுக்கானதா வணிகத்துக்கானதா என்று முதலில் பாருங்கள். விதிகளே வேறு.

வணிகப் பக்கம் இன்று ஏறக்குறைய எங்கும் பணத்தைத் தருவது தனியார்தான். நியூவீன் கிரீன் கேப்பிடல், பெட்ரோஸ் மாதிரி இதற்கென்றே இருக்கும் நிறுவனங்களும் சில வங்கிகளும் தருகின்றன. கனெக்டிகட்டின் கிரீன் பேங்க் மாதிரி அரசு சார்ந்த அமைப்பே கடன் தரும் இடங்களும் உண்டு. அங்கே 2013 முதல் இது நடக்கிறது. தனியார் தந்தாலும் அந்தக் கடன் உங்கள் பேரில் எழுதப்படுவதில்லை. உங்கள் மனையின் மேல் சிறப்பு விதிப்பாக எழுதப்பட்டு, கவுன்ட்டிப் பதிவேட்டில் ஏறுகிறது. தவணை தவறினால் சொத்து வரி பாக்கிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை அந்தத் தவணைக்கும் உண்டு: அடமானக் கடனுக்கும் முன்னால் நிற்கும். நான் தைரியம் என்று சொன்னது இதைத்தான். இந்தப் பாதுகாப்பு இருப்பதால்தான் 20, 25, சில சமயம் 30 ஆண்டுத் தவணையில், மாறாத வட்டியில், நம் கைப்பணம் போடாமலே முழுச் செலவுக்கும் கடன் கிடைக்கிறது. பெரும்பாலும் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்தும் கேட்பதில்லை.

கடன் மனையோடு ஒட்டிக்கொண்டதால், கட்டடத்தை விற்றால் மீதித் தவணை புதிய சொந்தக்காரருக்குப் போகும். காகிதத்தில் இப்படித்தான் இருக்கும். நடைமுறையில் வாங்க வருபவர் "அதை அடைச்சிட்டு வாங்க" என்று பேரம் பேசுவார். அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் இருக்கிறதா

மாநிலம் சட்டம் இயற்றியிருக்க வேண்டும். அதன்பின் உங்கள் கவுன்ட்டியோ நகரமோ அதை ஏற்றுத் தீர்மானம் போட்டிருக்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. இரண்டாவது படியில்தான் இடிக்கும். டெக்சாஸில் 2013-இல் சட்டம் வந்தது. டிராவிஸ் கவுன்ட்டி, அதாவது ஆஸ்டின் இருக்கும் கவுன்ட்டி, முதலில் ஏற்றது. அதன்பின் ஹூஸ்டனும் டாலஸும் வந்தன. ஆனால் பக்கத்துப் பக்கத்துக் கவுன்ட்டிகளில் ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. கட்டடத்தின் அஞ்சல் முகவரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். சொத்து வரி ரசீதில் எந்தக் கவுன்ட்டி, எந்த நகரம் என்று பார்த்து, மாநிலத் திட்ட நிர்வாகியின் இணையதளத்தில் சரிபாருங்கள். டெக்சாஸில் பல கவுன்ட்டிகளுக்கு டெக்சாஸ் பேஸ் அத்தாரிட்டி என்ற லாபநோக்கற்ற அமைப்பு நிர்வாகம் செய்கிறது. நியூ ஜெர்சியில் கார்டன் ஸ்டேட் சி-பேஸ், மிச்சிகனில் லீன் அண்ட் கிரீன், மினசோட்டாவில் செயின்ட் பால் துறைமுக ஆணையம் என்று ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு பெயர். ஓர் ஃபோன் பேசினால் போதும், நம் கட்டடம் உள்ளே வருமா என்று சொல்லிவிடுவார்கள்.

கடைகள், அலுவலகங்கள், கிடங்குகள், ஹோட்டல்கள், தொழிற்சாலைகள் எல்லாம் பொதுவாக வரும். ஐந்து வீடுகளும் அதற்கு மேலும் கொண்ட அடுக்குமாடிகளும் பல மாநிலங்களில் வரும். கோயில்களும் சமூகக்கூடங்களும்கூட வரலாம் என்பது நம்மவர்கள் பலருக்குத் தெரியவில்லை. ஆஸ்டினில் பெத் இஸ்ரேல் என்ற யூத வழிபாட்டிடம் டெக்சாஸின் ஆரம்பகால பேஸ் திட்டங்களுள் ஒன்று. சொத்து வரி விலக்கு உள்ள இடத்துக்கும் சிறப்பு விதிப்பு போட முடியும் என்பதால் இது சாத்தியம். உங்கள் ஊர்க் கோயில் நிர்வாகக் குழு, மண்டபத்துக்கு ஏசி மாற்ற நன்கொடைத் தட்டை ஏந்திக்கொண்டிருந்தால், இப்படி ஒரு வழி இருப்பதைச் சொல்லிவையுங்கள்.

கூரைக்கு ஏறும் முன் இரண்டு பத்திரங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும். எல்லோரும் காண்ட்ராக்டரிடமிருந்து தொடங்குகிறார்கள். அடமானப் பத்திரத்திலிருந்தும் வாடகை ஒப்பந்தத்திலிருந்தும் தொடங்க வேண்டும்.

சி-பேஸ் தவணை அடமானக் கடனுக்கு முன்னால் நிற்கும் என்று சொன்னேன் அல்லவா? அதனால் ஏற்கெனவே கடன் கொடுத்திருக்கும் வங்கி எழுத்துப்பூர்வமாகச் சம்மதிக்க வேண்டும். டெக்சாஸில் இது சட்டத்திலேயே இருக்கிறது. மற்ற மாநிலங்களிலும் நடைமுறையில் பெரும்பாலும் இப்படித்தான். சம்மதம் இல்லாவிட்டால் கதை அங்கேயே முடிந்தது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிடங்குக்குத் திட்டம் போட்டோம். மின்செலவுத் தணிக்கை பிரமாதமாக வந்தது, காண்ட்ராக்டரும் நல்லவர். சொந்தக்காரர் உற்சாகத்தில் இயந்திரங்களுக்கு முன்பணம் கட்டிவிட்டார். நானும் தடுக்கவில்லை. வங்கியின் கிளை மேலாளர் "பிரச்சினை இருக்காது" என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். மூன்று மாதம் கழித்துத் தலைமையகத்திலிருந்து இரண்டு வரியில் மறுப்பு வந்தது. முன்பணத்தில் ஒரு பகுதி திரும்பவே இல்லை. கிளையில் சொல்வதற்கும் கடன் குழு முடிவு செய்வதற்கும் சம்பந்தமில்லை. எழுத்தில் வரும்வரை ஒரு டாலரும் கட்டாதீர்கள்.

வங்கியிடம் எப்படிப் பேசுவது? அவர்களின் பயம் என்னவென்று தெரிந்துகொண்டு பேச வேண்டும். 4 லட்சம் டாலர் கடன் தங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடும் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. தவணை தவறினால் முழுக் கடனையும் ஒரேயடியாகக் கேட்கும் உரிமை சி-பேஸில் கிடையாது. பாக்கி விழுந்த தவணை மட்டும்தான் முன்னால் வரும். ஆண்டுத் தவணை 39,000 டாலர் என்றால், ஓர் ஆண்டு கட்டத் தவறினாலும் வங்கிக்கு முன்னால் நிற்பது அந்த 39,000-மும் அதற்கான அபராதமும்தான். இன்னொரு பக்கம், கட்டடத்துக்குப் புது ஏசி வருகிறது, செலவு குறைகிறது, மதிப்பு கூடுகிறது. இந்த இரண்டையும் ஒரு பக்கத்துக்குள் எழுதி, தணிக்கை அறிக்கையையும் மதிப்பீட்டையும் திட்ட நிர்வாகி தரும் மாதிரிச் சம்மதப் படிவத்தையும் சேர்த்துக் கொடுங்கள். சில வங்கிகள் தவணைக்கென்று கொஞ்சம் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்லும். நியாயமான கேள்விதான், ஒத்துக்கொள்ளலாம்.

உங்கள் அடமானக் கடன் பலவற்றோடு கட்டப்பட்டுப் பத்திரச் சந்தையில் விற்கப்பட்ட வகையாக இருந்தால், சம்மதம் வாங்குவது ரொம்பச் சிரமம். முடிவெடுக்கும் ஆள் யார் என்று கண்டுபிடிப்பதற்கே மாதங்கள் ஓடும். மத்திய அரசின் சிறுதொழில் கடன், அதாவது எஸ்பிஏ கடன், இருந்தால் அதற்கென்று தனி விதிகள் உண்டு. மற்ற எதையும் செய்வதற்கு முன் அந்தக் கடன் அதிகாரியிடம் கேட்டுவிடுங்கள். இன்னும் ஒரு வழி: உங்கள் அடமானக் கடன் ஓரிரு ஆண்டுகளில் முடிந்து புதுப்பிக்க வேண்டியிருந்தால், அதுவரை பொறுத்து, புதிய கடன் பேசும்போதே சி-பேஸையும் சேர்த்துப் பேசுங்கள். அந்த நேரத்தில் வங்கிக்கு உங்கள் வியாபாரம் வேண்டும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

இரண்டாவது பத்திரம் வாடகை ஒப்பந்தம். கட்டடக்காரர் செலவு செய்து ஏசி மாற்றினால், மின்கட்டணம் குறைவது வாடகைக்கு இருப்பவருக்கு. பிறகு கட்டடக்காரருக்கு அதில் என்ன வரும்? இந்த முடிச்சால்தான் எத்தனையோ கடைவரிசைகளில் இருபது வருட இயந்திரங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சி-பேஸ் இந்த முடிச்சைக் கொஞ்சம் அவிழ்க்கிறது. வரி, காப்பீடு, பராமரிப்பு மூன்றையும் வாடகைக்காரர் ஏற்கும் ட்ரிபிள் நெட் ஒப்பந்தமாக இருந்து, அதில் "வரிகள்" என்பதன் விளக்கத்தில் சிறப்பு விதிப்புகளும் அடங்கும் என்று எழுதியிருந்தால், தவணையை அவர்கள் பங்குக்குப் பிரித்துக் கொடுக்க முடியும். அந்த ஒரு சொல் இருக்கிறதா என்று வழக்கறிஞரை வைத்துப் பாருங்கள். இருந்தாலும் வாடகைக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மின்கட்டணம் இவ்வளவு குறையும், வரிப்பங்கு இவ்வளவு கூடும், மிச்சம் உங்களுக்கு என்று கணக்கைக் காட்டிவிடுங்கள். சொல்லாமல் ஜனவரி கணக்கில் ஏற்றினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

அண்ணாவின் கடைவரிசையில் மூன்று பேர் ட்ரிபிள் நெட், டியூஷன் சென்டர் மட்டும் எல்லாம் சேர்த்து ஒரே வாடகை. அந்த நான்காவது பங்கை அவரே சுமக்க வேண்டும். அதைக் கணக்கில் எழுதிக்கொண்டுதான் மேலே போனோம்.

மின்கட்டண ரசீதும் தணிக்கையும்

கடைசி 24 மாத ரசீதுகளை எடுத்துவையுங்கள். மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல், எத்தனை யூனிட், உச்சத் தேவைக்கு எவ்வளவு கட்டணம் என்று பிரித்துப் பாருங்கள். வணிக ரசீதில், மாதத்திலேயே அதிகமாக இழுத்த ஒரு 15 நிமிடத்துக்கென்று தனிக் கட்டணம் இருக்கும். கோடையில் காலை ஒன்பது மணிக்கு ஆறு ஏசியும் ஒரே நேரத்தில் கிளம்பினால் அந்த உச்சம் எகிறும். பல கட்டண முறைகளில் அதன் நிழல் அடுத்த பல மாதங்களின் ரசீதிலும் விழும். இதற்கு இயந்திரம் மாற்றக்கூட வேண்டாம். ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும்படி நேரம் வைத்தாலே குறையும். கடன் வாங்குவதற்கு முன், காசில்லாமல் செய்யக்கூடியதை எல்லாம் செய்துவிடுங்கள்.

அப்புறம் தணிக்கை. ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கம் மூன்று நிலைகளை வகுத்திருக்கிறது. முதல் நிலை சுற்றிப் பார்த்துச் சொல்வது. இரண்டாம் நிலையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் செலவு, சேமிப்பு, ஆயுள் எல்லாம் கணக்காக வரும். மூன்றாவது பெரிய முதலீடுகளுக்கு. சாதாரணக் கடை, ஹோட்டலுக்கு இரண்டாம் நிலை போதும். இயந்திரம் விற்பவர் இலவசமாகத் தருகிறேன் என்று சொல்லும் தணிக்கையை நம்பி 20 ஆண்டுக் கடனில் இறங்க வேண்டாம். டெக்சாஸ் சட்டம், சேமிப்புக் கணக்கைச் சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள் சரிபார்க்க வேண்டும் என்கிறது. நல்ல விதி. உங்கள் மாநிலத்தில் கட்டாயம் இல்லையென்றாலும் நீங்களாகவே அப்படிச் செய்யுங்கள். தணிக்கைச் செலவையும் பின்னால் கடனிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

எதெல்லாம் கடனுக்குள் வரும்? கட்டடத்தோடு நிலையாகப் பொருத்தப்பட்டு, மின்சாரம், எரிவாயு அல்லது தண்ணீர்ச் செலவைக் குறைப்பவை: ஏசி, கொதிகலன், எல்இடி விளக்குகள், கூரைக் காப்பு, வெயிலைத் திருப்பும் வெள்ளைக் கூரை, ஜன்னல், கட்டுப்பாட்டுக் கருவிகள், தண்ணீர் சேமிக்கும் குழாய்கள், சூரியத் தகடுகள். கலிபோர்னியாவில் நிலநடுக்கத்தைத் தாங்கும் வேலைகளும், ஃபுளோரிடாவில் புயல்காற்றைத் தாங்கும் வேலைகளும் சேரும். பிளக்கைப் பிடுங்கி எடுத்துப்போகக்கூடிய குளிர்பெட்டி சேராது.

சூரியத் தகட்டைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. எல்லோருக்கும் அதில்தான் கண். ஆனால் டெக்சாஸில் மாநிலம் முழுவதுக்குமான நெட் மீட்டரிங் விதி, அதாவது மிச்ச மின்சாரத்தை மின் நிறுவனத்துக்குக் கொடுத்து ரசீதில் கழித்துக்கொள்ளும் விதி, இல்லை. மிச்ச மின்சாரத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது உங்கள் மின் நிறுவனத்தைப் பொறுத்தது. முதலில் கட்டடத்தின் பசியைக் குறையுங்கள், அதன்பின் மிச்சப் பசிக்கு ஏற்ற அளவு தகடு போடுங்கள். பத்து ஆண்டில் மாற்ற வேண்டிய கூரையின் மேல் 25 ஆண்டுத் தகட்டைப் போடாதீர்கள். கூரையை மாற்றும்போது எல்லாவற்றையும் கழற்றி மாட்டும் செலவு, சேமித்ததைச் சாப்பிட்டுவிடும்.

வரிச் சலுகைக்குத் தேதிகள் நெருக்கடியாகிவிட்டன. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான மத்தியச் சட்டப்படி, வணிகச் சூரியத் தகட்டுக்கான சலுகை வேண்டுமானால் 2026 ஜூலை 4-க்குள் வேலை தொடங்கியிருக்க வேண்டும். தவறினால் 2027 முடிவதற்குள் மின்சாரம் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். கட்டடங்களின் மின்சிக்கனத்துக்கான 179டி என்ற வரிக்கழிவு, 2026 ஜூன் 30-க்குப் பிறகு தொடங்கும் வேலைகளுக்குக் கிடையாது. சலுகை கிடைக்கும் என்று நம்பிக் கணக்கு எழுதாதீர்கள். உங்கள் ஆடிட்டர் எழுத்தில் சொன்னால் மட்டும் சேருங்கள்.

கணக்கு

ஒரு சிறிய ஹோட்டலுக்கு 4 லட்சம் டாலர் வேலை, ஆண்டுச் சேமிப்பு 45,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான்.

சாதாரண வங்கிக் கடன், 7 சதவீதம், ஐந்து ஆண்டு: ஆண்டுக்கு ஏறக்குறைய 95,000 டாலர் கட்ட வேண்டும். சேமிப்பு போக ஒவ்வோர் ஆண்டும் கையிலிருந்து 50,000. அதே வேலைக்கு சி-பேஸ், 7.5 சதவீதம், 20 ஆண்டு: ஆண்டுக்கு சுமார் 39,200. சேமிப்பு போகக் கையில் 5,800 மிஞ்சும். முதல் ஆண்டிலிருந்தே.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். வங்கிக் கடனில் மொத்தமாகக் கட்டுவது 4,75,000. சி-பேஸில் 7,85,000. மூன்று லட்சத்துக்கும் மேல் கூடுதல். கையில் பணமும் வங்கியில் மரியாதையும் இருக்கிறவருக்கு ஐந்து ஆண்டுக் கடனே மேல். வியாபாரத்தில் பணம் சுழல வேண்டும், இருப்பைத் தொட முடியாது என்கிறவருக்குத்தான் சி-பேஸ் கை கொடுக்கும். இதைச் சொல்லாமல் மாதத் தவணையை மட்டும் காட்டுகிற விற்பனையாளரிடம் கவனமாக இருங்கள்.

பல திட்டங்கள், ஆயுள் முழுவதும் வரும் சேமிப்பு மொத்தத் தவணையைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று கேட்கும். மேலே உள்ள கணக்கில் 9 லட்சத்தை 7,85,000-ஆல் வகுத்தால் 1.15 வருகிறது. ஒன்றுக்கு மேல், ஆகவே தேறும். ஆனால் சேமிப்பு 15 சதவீதம் குறைந்தாலே நட்டம். இந்த மாதிரி விளிம்பில் இருக்கும் திட்டத்தில், சேமிப்பு குறைவாகத் தரும் ஓரிரு வேலைகளைத் தூக்கிவிட்டு மறுபடி கணக்குப் போடச் சொல்வேன்.

கடன் தருபவர்கள் குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். வட்டியை மட்டும் ஒப்பிடாமல் நான்கைப் பாருங்கள்: தொடக்கக் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து எவ்வளவு, வேலை நடக்கும் மாதங்களின் வட்டியை அசலில் ஏற்றுகிறார்களா, முன்கூட்டி அடைத்தால் அபராதம் எத்தனை ஆண்டுவரை, ஆண்டுதோறும் வசூல் கட்டணம் உண்டா. முன்கூட்டி அடைக்கும் அபராதம்தான் விற்கும் நாளில் கடிக்கும். ஏழு, எட்டு ஆண்டில் விற்கும் எண்ணம் இருந்தால் அதைத்தான் முதலில் பேரம் பேசுங்கள். பொதுவாகக் கட்டட மதிப்பில் 20 முதல் 35 சதவீதம் வரைதான் சி-பேஸ் தருவார்கள். இருக்கும் அடமானக் கடனையும் கூட்டிப் பார்ப்பார்கள்.

சின்ன வேலைக்கு ஆள் கிடைப்பது கடினம் என்பது இதில் உள்ள பெரிய குறை. சட்டச் செலவும் ஆவணச் செலவும் 2 லட்சம் கடனுக்கும் 20 லட்சம் கடனுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே பல நிறுவனங்கள் இரண்டரை லட்சம் டாலருக்குக் கீழே திரும்பியும் பார்ப்பதில்லை. நியூயார்க்கில் 730 தேர்ட் அவென்யூ கட்டடத்துக்கு 2021-இல் 8 கோடியே 90 லட்சம் டாலர் சி-பேஸ் கிடைத்தது. நான்கு கடைக்காரருக்கு அந்த வரவேற்பு கிடைக்காது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். பழைய இயந்திரங்கள் அதிகம் கிடப்பது சின்னக் கட்டடங்களில்தான். அதற்காகக் குறைந்தபட்சத் தொகையை எட்டுவதற்கென்று தேவையில்லாத வேலைகளைச் சேர்த்துக் கடனை ஊதவைக்காதீர்கள். உள்ளூர் வங்கிகளையும் கேளுங்கள். கனெக்டிகட், மினசோட்டா போன்ற இடங்களில் சிறிய திட்டங்களுக்கும் வழி இருக்கிறது. எதுவும் அமையவில்லை என்றால் மின் நிறுவனத்தின் தள்ளுபடியும் சாதாரண உபகரணக் கடனும் போதும்.

கையெழுத்தும் வேலையும்

வங்கிச் சம்மதம், சரிபார்த்த தணிக்கை, கடன் தருபவரின் ஒப்புதல் மூன்றும் வந்ததும் திட்ட நிர்வாகியிடம் விண்ணப்பம் போகும். உள்ளாட்சியோடு ஓர் ஒப்பந்தம், கடன் தருபவரோடு ஓர் ஒப்பந்தம். அதன்பின் விதிப்பு அறிவிப்பு கவுன்ட்டிப் பதிவேட்டில் ஏறும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் மூன்றிலிருந்து ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே முடித்த வேலைக்குப் பின்தேதியிட்டுக் கடன் தருகிற மாநிலங்களும் உண்டு. அவசரமாக ஓர் இயந்திரத்தை மாற்ற வேண்டி வந்தால் அதற்கு இடமிருக்கிறதா என்று நிர்வாகியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தவணை பல மாநிலங்களில் சொத்து வரி ரசீதிலேயே தனி வரியாக வரும். கலிபோர்னியா என்றால் டிசம்பர் 10, ஏப்ரல் 10 ஆகிய தேதிகளைத் தாண்டினால் அபராதம். டெக்சாஸில் பெரும்பாலும் கடன் தருபவரே நேரடியாக வசூலிப்பார். எந்த முறை என்று கேட்டு நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண பில் மாதிரி நினைத்துத் தள்ளிப்போட்டால், வரி பாக்கிக்கு என்ன நடக்குமோ அது நடக்கும்.

பணம் முழுதாக உங்கள் கைக்கு வராது. வேலை நடக்க நடக்கக் கட்டம் கட்டமாகப் போகும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி 10 சதவீதத்தை, இயந்திரங்கள் எல்லாம் ஓடி, காற்றோட்டமும் நேர அமைப்பும் அளந்து சரிபார்த்து, நகராட்சிப் பரிசோதனை முடியும்வரை பிடித்துவையுங்கள். புதிய இயந்திரத்தைப் பழைய தெர்மோஸ்டாட் அமைப்பிலேயே ஓடவிட்டுப் போன காண்ட்ராக்டர்களை நான் பார்த்திருக்கிறேன். இரவு முழுக்க ஆளில்லாத கடை குளிர்ந்துகொண்டிருக்கும்.

அண்ணாவின் வங்கிச் சம்மதம் பதினோராவது வாரத்தில் எழுத்தில் வந்தது. சூரியத் தகட்டை இப்போதைக்கு விட்டுவிட்டோம். கூரைக்கு இன்னும் ஏழெட்டு ஆண்டுதான் ஆயுள். ஆறு யூனிட்டுகள், விளக்குகள், கூரைக் காப்பு, கட்டுப்பாட்டுக் கருவி மட்டும். கிரேன் வரும் தேதியை மளிகைக்கடையில் கேட்டுத்தான் முடிவு செய்தோம். ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து, காய்கறி வண்டி வருவதற்குள் பழைய ஆறையும் இறக்கிவிட வேண்டும். அந்த 2003 பெயர்த்தகட்டை மட்டும் கழற்றி எனக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.